எல்லைக்கல்லும் ஏணிப்படியும்: நாடு எங்கிருந்து வந்தது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே வைத்து, வாசிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர் ஒரே கேள்வியை வேறு வேறு மாதிரி கேட்டிருந்தீங்க. "நாடு, தேசம்னு சொல்றோமே, அது எப்போ ஆரம்பிச்சுது? அதுக்கு முன்னாடி மக்கள் எப்படி இருந்தாங்க?" நல்ல கேள்வி. இன்னைக்கு முழுக்க அதுதான்.

இதற்கு ஸ்கூலில் நமக்கு ஒரு ரெடிமேட் பதில் சொல்லிக் கொடுத்திருக்காங்க. மனுஷன் முதலில் வேட்டையாடினான். அப்புறம் ஆடு மாடு மேய்ச்சான். அப்புறம் விவசாயம், கிராமம், ராஜா. கடைசியில் நாடு, பார்லிமென்ட், ஃபேக்டரி. ஒவ்வொன்றும் ஒரு படி. ஏறிட்டே வந்தோம், இப்போ மேலே நிக்கிறோம்.

இந்தப் பதிலில் ரெண்டு சாமான் இருக்கு. ஒன்று, கோடு: நாட்டுக்கு ஒரு எல்லை. இன்னொன்று, ஏணி: சமூகங்களுக்குப் படிநிலை. ரெண்டும் இயற்கையா இருக்கிற மாதிரி நமக்குத் தோணுது. ஆனா ரெண்டையும் யாரோ, ஏதோ ஒரு காரணத்துக்காக, ஒரு குறிப்பிட்ட காலத்தில் செஞ்சிருக்காங்க. அதைப் பார்க்க ஐரோப்பா வரைக்கும் போக வேண்டாம். நான் இப்போ பேசிட்டு இருக்கிற வேப்பம்பட்டில் ஒரு லோக்கல் ட்ரெயின் பிடிச்சாலே போதும். இந்த லைனிலும் இதைச் சுற்றியுள்ள திருவள்ளூர் மாவட்டத்திலும் மொத்தக் கதையும் இருக்கு.

யானை நடந்த எல்லை

வேப்பம்பட்டிலிருந்து அரக்கோணம் பக்கம் போற ட்ரெயினில் திருவள்ளூர் தாண்டி, கடம்பத்தூர் தாண்டிப் போனா திருவாலங்காடு வரும். காரைக்கால் அம்மையார் கதையால் பலருக்குத் தெரிந்த ஊர். 1905-ல் அங்கே 31 செப்பேடுகள் கிடைத்தன. முதலாம் ராஜேந்திர சோழனின் ஆறாவது ஆட்சியாண்டில், பக்கத்திலிருக்கும் பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லும் ஆவணம் அது. கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் ஆச்சு.

அதில் எல்லை குறித்த விதம்தான் நமக்கு முக்கியம். ஒரு பெண் யானையை ஊரைச் சுற்றி நடத்திக் கூட்டிட்டுப் போறாங்க. அதிகாரிகளும் அக்கம்பக்கத்து ஊர்க்காரங்களும் கூடவே நடக்கிறாங்க. யானை போன வழியில் கல் நட்டு, கள்ளிச்செடி வைக்கிறாங்க. அந்தச் சுற்றுக்குள்ளே இருப்பதுதான் பழையனூர்.

ஒரு கிராமத்தின் எல்லை இவ்வளவு துல்லியமா இருக்கு. சரி, சோழ நாட்டின் வடக்கு எல்லை எங்கே? அதை இப்படிச் சொல்லவே முடியாது. வடக்கே போகப் போக ராஜாவின் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். நடுவில் ஒரு சிற்றரசர் இருப்பார். இந்த வருஷம் இவருக்கு வரி கட்டுவார், அடுத்த வருஷம் அவருக்குக் கட்டுவார். தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வடக்கு எல்லையாக வேங்கட மலையைச் சொல்லுது. ஆனா மலைக்கு அகலம் இருக்கு, அதில் ஆளுங்க வாழறாங்க. அதை ஒரு கோடுன்னு சொல்லிட முடியாது.

இதை மனசில் வெச்சுக்கோங்க. ஊருக்கு எல்லை துல்லியம், அரசுக்கு எல்லை மங்கல். நவீன நாடு வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாச்சு. இன்னைக்கு உங்க ஊர் எங்கே முடியுது, அடுத்த ஊர் எங்கே ஆரம்பிக்குதுன்னு உங்களுக்கே சரியாத் தெரியாது. ஆனா நாட்டோட மேப்பைக் கண்ணை மூடிட்டு வரைவீங்க.

1648-ம் பழவேற்காடும்

சரி, ஐரோப்பாவில் என்ன நடந்துச்சு? பாடப்புத்தகப் பதில், 1648, வெஸ்ட்பேலியா உடன்படிக்கை. அன்றைக்குத்தான் இறையாண்மை உள்ள நாடுகள் பிறந்தன என்று சொல்லுவாங்க. இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் இதை அவ்வளவு சுலபமா ஒத்துக்கறதில்லை. ஒரே நாளில் எந்த நாடும் பிறந்துடலை. ஃபிரான்ஸும் ஸ்பெயினும் பைரனீஸ் மலைதான் எல்லைன்னு 1659-ல் ஒப்பந்தம் போட்டாங்க. அந்த எல்லையை முறையா வரையறுத்து முடிச்சது 1860-களில்தான். இருநூறு வருஷம் ஆச்சு!

மொழிக்கும் அதே கதைதான். புரட்சி நடந்த ஃபிரான்ஸில் 1794-ல் அபே கிரெகுவார் ஒரு அறிக்கை கொடுத்தார். கோடிக்கணக்கான ஃபிரெஞ்சுக்காரர்களுக்கு ஃபிரெஞ்சு சரளமா வராதுன்னு அதில் இருந்தது. அவங்க வீட்டில் பேசினது ப்ரெட்டன், ஆக்ஸிடன், பாஸ்க், ஜெர்மன். பள்ளிக்கூடம், கட்டாய ராணுவ சேவை, ரயில் எல்லாம் சேர்ந்துதான் அடுத்த நூறு வருஷத்தில் அவங்களை ஃபிரெஞ்சுக்காரங்களா ஆக்கினது. அதாவது, மக்கள் ஒரே தேசமா இருந்ததால் அரசு வரலை. பல இடங்களில் அரசு முதலில் வந்துச்சு, தேசத்தை அது பின்னாடி உருவாக்கிச்சு.

இப்போ ஒரு சுவாரஸ்யமான தேதிக் கணக்கு. நெதர்லாந்து தனி நாடுன்னு ஸ்பெயின் முறைப்படி ஒத்துக்கிட்டது அதே 1648-ல்தான். ஆனா டச்சுக்காரங்க நம்ம பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினது 1613-ல். அந்த நாட்டை ஸ்பெயின் அங்கீகரிக்கிறதுக்கு முன்னாடியே, அதோட கம்பெனி இங்கே வந்து பீரங்கி வெச்சு, துணி வாங்கி, ஆட்களை அடிமைகளாக பட்டாவியாவுக்குக் கப்பலேத்திட்டு இருந்தது. 1602-ல் ஆரம்பிச்ச டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போர் தொடுக்கவும் ஒப்பந்தம் போடவும் அதிகாரம் இருந்தது. அதனால் இந்தப் பக்கத்தில் நவீன அரசு முதலில் வந்தது தேசம்ங்கிற பெயரில் இல்லை, கணக்குப் புத்தகத்தோட வந்த ஒரு கம்பெனியாக.

கம்பெனி அளந்த ஊர்கள்

பின்னாடி வந்த ஆங்கிலேயக் கம்பெனிக்கும் அதே ரூட்தான். 1763-ல் ஆற்காடு நவாப் சென்னையைச் சுற்றியிருந்த பகுதியை, அதாவது பிற்காலத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தை, ஜாகீராகக் கம்பெனிக்குக் கொடுத்தார். இன்னைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அதற்குள் வரும். கொடுத்த இடத்தில் என்ன இருக்குன்னு கம்பெனிக்குத் தெரியணும் இல்லையா? 1767-லிருந்து 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற அதிகாரி ஊர் ஊராக சர்வே எடுத்தார். எவ்வளவு நிலம், எத்தனை ஏரி, எத்தனை வீடு, யார் என்ன தொழில், யாருக்கு எவ்வளவு நெல் பங்கு, எல்லாம் எழுதியாச்சு.

1802-ல் பரங்கிமலையில் லாம்டன் இந்தியாவையே முக்கோணமா அளக்கிற வேலையைத் தொடங்கினார். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடினது. நம்ம வேப்பம்பட்டு வழியாப் போற அதே பாதைதான் அது. 1871-லிருந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. கொஞ்ச நாளில் தாய்மொழி என்னன்னு கேட்கிற கட்டமும் சேர்ந்தது.

அந்தக் கட்டம் சின்ன விஷயமில்லை. திருத்தணி சந்தையில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசிட்டிருந்த ஒருத்தரிடம், "உன் மொழி என்ன, ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்று அரசு கேட்குது. வீட்டில் ஒண்ணு, கடையில் ஒண்ணு, கோயிலில் ஒண்ணு என்பதற்கு அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. பெனடிக்ட் ஆண்டர்சன் தேசத்தைப் பற்றி எழுதின பிரபலமான புத்தகத்தில், கணக்கெடுப்பும் வரைபடமும் எப்படி தேசங்களைக் கற்பனை செய்ய உதவின என்று விளக்குவார். கற்பனைன்னா பொய்னு அர்த்தமில்லை. நீங்க ஒருநாளும் சந்திக்கப் போகாத கோடிப் பேரை 'நம்ம ஆளுங்க'ன்னு நினைக்க முடியறதுதான் அந்தக் கற்பனை.

திருத்தணி யாருக்கு?

அந்தக் கற்பனைக்கு எவ்வளவு பலம்னு 1950-களில் தெரிஞ்சது. தனி ஆந்திரா கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று சென்னையில் இறந்தார். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் ஆந்திராவுக்குப் போச்சு. திருத்தணி அந்த மாவட்டத்தில் இருந்ததால் அதுவும் சேர்ந்து போச்சு.

ம.பொ.சிவஞானம் தலைமையில் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினது இதற்குத்தான். உள்ளூரில் மங்கலங்கிழார், வழக்கறிஞர் கே.விநாயகம் போன்றவர்கள் முன்னாடி நின்னாங்க. மறியல், கைது, சிறை எல்லாம் நடந்தது. கடைசியில் படாஸ்கர் நடுவராக வந்தார். கிராமத்தை ஒரு அலகாக எடுப்போம், எந்த மொழி பேசறவங்க அதிகம்னு பார்ப்போம், நிலப்பரப்பு தொடர்ச்சியா இருக்கணும். இந்த மாதிரி அளவுகோல்களை வெச்சு ஊர்களைப் பிரிச்சாங்க. 1960 ஏப்ரல் 1-ல் அது அமலுக்கு வந்தது. 300-க்கும் மேற்பட்ட கிராமங்களோடு திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் தாலுக்காக்களிலிருந்து சுமார் 150 கிராமங்கள் ஆந்திராவுக்குப் போச்சு. சத்தியவேடு அப்படித்தான் போனது.

யானை நடந்து குறிச்ச கிராம எல்லைங்க திரும்ப வேலைக்கு வந்ததைப் பாருங்க. கிராமம் கிராமமாகக் கூட்டித்தான் மாநில எல்லை வந்தது. ஆனா இந்த முறை யாரும் யாரோடும் நடக்கலை. எண்ணிக்கை பார்த்தாங்க, கோடு போட்டாங்க. ஒரு ஊரில் நூற்றுக்கு அறுபது பேர் ஒரு மொழின்னா, மீதி நாற்பது பேர் காலையில் எழுந்திருச்சதும் சிறுபான்மை. இன்னைக்கும் பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். அந்தப் பக்கம் சித்தூரில் தமிழ்க் குடும்பங்களும் அப்படித்தான்.

இதனால் மொழிவழி மாநிலம் தப்புன்னு நான் சொல்ல வரலை. ஜனங்க தங்கள் மொழியில் படிக்கவும் மனு எழுதவும் கோர்ட்டில் பேசவும் அது தேவைப்பட்டது. எந்தக் கோடு போட்டாலும் யாரோ ஒருத்தர் தப்பான பக்கத்தில் நிப்பாங்க என்பதுதான் விஷயம்.

ஏணியைச் செஞ்சவங்க

கோட்டுக் கதை போதும். ஏணிக்கு வருவோம்.

1760-களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆடம் ஸ்மித் பாடம் எடுக்கும்போது மனித சமூகத்துக்கு நாலு கட்டம் சொன்னார். வேட்டை, மேய்ச்சல், உழவு, வணிகம். 1877-ல் அமெரிக்காவில் லூயிஸ் ஹென்றி மார்கன் அதை மூணாக்கினார். காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை. மார்க்ஸ் அதை வாசிச்சுக் குறிப்பெடுத்தார். எங்கெல்ஸ் 1884-ல் குடும்பம், தனிச்சொத்து, அரசு எப்படி வந்ததுன்னு எழுதின புத்தகத்துக்கு மார்கன்தான் அஸ்திவாரம். எதிர்முகாமில் இருந்த ரோஸ்டோ 1960-ல் பொருளாதார வளர்ச்சிக்கு அஞ்சு கட்டம் போட்டார். கம்யூனிஸ்ட் ஏணி, முதலாளித்துவ ஏணி, ரெண்டும் ஏணிதான். உச்சியில் யார் இருக்காங்கன்னுதான் சண்டை.

ஒரு விஷயம் சொல்லணும். மார்க்ஸே 1881-ல் ரஷ்யாவின் வேரா சசூலிச்சுக்கு எழுதின பதிலில், தான் சொன்ன பாதை மேற்கு ஐரோப்பாவுக்கு மட்டும்தான்னு எழுதினார். எல்லா ஊரும் அதே படியில் ஏறணும்னு கட்டாயமில்லை. அவர் பேரைச் சொல்லிப் பின்னாடி வந்தவங்க பலர் இதை மறந்துட்டாங்க.

இப்போ ஸ்மித்தின் நாலு கட்டத்தை நம்ம திணைகளுக்குப் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. குறிஞ்சியில் வேட்டை, முல்லையில் மேய்ச்சல், மருதத்தில் உழவு, நெய்தலில் மீனும் உப்பும். கிட்டத்தட்ட அதே லிஸ்ட்! ஆனா ஸ்மித் அதைக் காலத்தில் அடுக்கினார், ஒண்ணு முடிஞ்சு அடுத்தது வரும். சங்கப் புலவர்கள் அதை நிலத்தில் பரப்பினாங்க, எல்லாம் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். உப்பு விக்கிறவங்க வண்டி மருதத்துக்குப் போகும், தேன் கீழே இறங்கி வரும். இலங்கைப் பேராசிரியர் கா.சிவத்தம்பி 1974-ல் திணை பற்றி எழுதின கட்டுரையில், ஒரே காலத்தில் சமமில்லாத வளர்ச்சி இருந்ததைத்தான் இது காட்டுதுன்னு வாதிட்டார். 'சமமில்லாத' என்ற சொல்லைக் கவனிங்க. மருதத்து நெல்தான் அரசர்களை வளர்த்தது. திணை ஒரு சொர்க்கம்னு யாரும் நினைக்க வேண்டாம். ஆனா குறிஞ்சிக்காரர் மருதத்துக்காரரோட 'பழைய காலம்' என்று அதில் எங்கேயும் இல்லை.

ஏணியோட படிகளே அவ்வளவு உறுதியா இல்லைங்கிறதுக்கும் பக்கத்திலேயே சாட்சி இருக்கு. கொசஸ்தலையாற்றுப் பக்கம், பூண்டி ஏரிக்கு அந்தாண்டை, அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டுபிடிச்சார். சாந்தி பப்பு குழுவோட ஆய்வில் அங்கே உள்ள கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் வருஷம் பழசுன்னு 2011-ல் தெரிஞ்சது. 2018-ல் இன்னொரு செய்தி. அடுத்த கட்டத்துக் கருவிகள் அங்கே சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் வருஷம் முன்னாடியே இருந்திருக்கு. ஆப்பிரிக்காவிலிருந்து நவீன மனிதர்கள் கொண்டுவந்துதான் இந்தியாவுக்கு அது கிடைச்சதுன்னு இருந்த நேர்க்கோட்டுக் கதை அத்தோட ஆட்டம் கண்டது.

ஏணியின் அடிப்படியில் யாரை நிறுத்தினாங்க?

இதெல்லாம் பழைய தத்துவம், இப்போ எதுக்குன்னு கேட்கலாம். இப்போதான் முக்கியமான இடத்துக்கு வந்திருக்கோம்.

தமிழ்நாட்டில் ஆறு சமூகங்களை மத்திய அரசு 'குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிக் குழு' என்று பட்டியலிட்டிருக்கு. தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், இருளர். நாடு முழுக்க 75. இந்தப் பிரிவு 1970-களில் வந்தபோது பெயர் 'ஆதிநிலைப் பழங்குடி'. 2006-ல்தான் பெயரை மாத்தினாங்க. அதில் சேர ஒரு அளவுகோல் என்ன தெரியுமா? 'விவசாயத்துக்கு முந்தைய தொழில்நுட்ப நிலை'. அதாவது ஆடம் ஸ்மித்தின் முதல் படி இந்திய அரசின் ஃபைலில் உட்கார்ந்திருக்கு.

திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் குடும்பங்கள் நிறைய. அவங்க விவசாயத்துக்கு முந்தைய காலத்திலா இருக்காங்க? காட்டில் வேட்டையாடுவதை 1882 சென்னை வனச் சட்டம் சுருக்கியது. பாம்புத் தோல் வியாபாரத்தை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த தடைகளும் நிறுத்தின. காட்டு வேலை போனதும் கையில் நிலமில்லை. எலி பிடிக்க, ஏரியில் மீன் பிடிக்க, மரம் வெட்ட, அப்புறம் அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் போனாங்க. முன்பணம் வாங்கி, அந்தக் கடனுக்காகக் குடும்பத்தோட அங்கேயே மாட்டிக்கிட்டவங்க பலர். கொத்தடிமை முறையை 1976 சட்டம் ஒழிச்சது. அதுக்குப் பிறகும் இந்த மாவட்டத்தில் சூளைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் ஆட்களை மீட்டுட்டே இருந்திருக்காங்க.

யோசிச்சுப் பாருங்க. சென்னை வளருது, அபார்ட்மென்ட் வருது. அதுக்குக் கல் வேணும். அந்தக் கல்லை அறுக்கிறவர் நம்ம காலத்தில், நம்ம பொருளாதாரத்தின் நடுவில் இருக்கார். அவரை 'முந்தைய கட்டம்'னு சொன்னா, அவர் நிலைமைக்கு யாரும் காரணமில்லை, மெதுவா ஏறி வருவார்னு ஆயிடும். வனச் சட்டம், முன்பணம், கிடைக்காத பட்டா, எதுவும் கண்ணில் படாது. ஏணி செய்யற பெரிய வேலை இதுதான்.

இன்னொரு பக்கமும் பாருங்க. 1978-ல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடிச்சு, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுவாங்க. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்து போனது. 2023-ல் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பத்மஸ்ரீ வாங்கினாங்க. ஏணியின் அடிப்படின்னு சொல்லப்பட்ட அறிவு, ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் உயிர் காப்பாத்துது. இதை எந்தப் படியில் வைப்பீங்க?

கோடும் ஏணியும் சந்திக்கிற இடம்

அரசியலமைப்பின் 342-வது பிரிவுப்படி பழங்குடிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேற. தமிழ்நாட்டுப் பட்டியலில் இருளர் இருக்காங்க, ஆந்திரப் பட்டியலில் இல்லை. ஆந்திரப் பட்டியலில் ஏனாதிகளும் லம்பாடிகளும் இருக்காங்க, தமிழ்நாட்டுப் பட்டியலில் இல்லை. 1960-ல் கிராமத்தை எண்ணிப் போட்ட அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் குடிசை இருக்கோ, அதை வெச்சு நீங்க ஏணியில் எங்கேன்னு முடிவாகுது. கும்மிடிப்பூண்டியிலிருந்து எல்லை தாண்டித் தடா, ஸ்ரீசிட்டி பக்கம் தினமும் வேலைக்குப் போறவங்களுக்குக் கோடு ஒரு பொருட்டே இல்லை. சாதிச் சான்றிதழுக்கு அலையறவங்களுக்கு அது எல்லாமே.

ஜெய் பீம் படத்தில் அந்தச் சான்றிதழ் பிரச்சினையைப் பார்த்திருப்பீங்க. அது சினிமாவுக்காகச் சேர்த்தது இல்லை. அம்மா அப்பாவிடம் சான்றிதழ் இருக்கான்னு கேட்பாங்க. அவங்க பள்ளிக்கூடமே போனதில்லை, எங்கிருந்து இருக்கும்? அது இல்லாமல் பிள்ளைக்கு உதவித்தொகை, விடுதி, கல்லூரி சீட் எதுவும் நகராது.

அதனால்தான் "ஏணி பொய், தூக்கிப் போடுங்க" என்று நான் சுலபமாச் சொல்லிட்டுப் போக முடியலை. அந்தப் பட்டியல் மூலமாத்தான் வீடு வருது, பட்டா வருது. 2023-ல் தொடங்கின பிஎம் ஜன்மன் திட்டம் இந்த 75 சமூகங்களுக்குத்தான். ஏணி பொய்யா இருந்தாலும் அதில் தொங்கவிட்ட சான்றிதழ் நிஜம். நாம செய்யக்கூடியது, உதவிக்குக் காரணம் என்னன்னு மாத்திச் சொல்றது. 'நீங்க காலத்தில் பின்தங்கிட்டீங்க, அதனால் தர்றோம்' என்பது ஒன்று. 'உங்க காட்டைச் சட்டம் போட்டு எடுத்தோம், உங்க உழைப்புக்குக் கூலி தராம விட்டோம், அதனால் தரணும்' என்பது வேற. முதலாவது தயவு. ரெண்டாவது கடன்.

அடுத்த முறை யாராவது ஒரு ஊரையோ ஒரு சமூகத்தையோ "இன்னும் பழைய காலத்திலேயே இருக்காங்க"ன்னு சொன்னா, ரெண்டு கேள்வி கேளுங்க. இவங்களைச் சுத்திக் கோடு போட்டது யார்? இவங்க நிலம் எப்போ, எந்தச் சட்டத்தில் போச்சு? ரெண்டுக்கும் பெரும்பாலும் ஒரு தேதி இருக்கும்.

அடுத்த எபிசோடில் கணக்கெடுப்பைப் பற்றி இன்னும் விரிவா, குறிப்பா சாதிக் கட்டம் எப்படி வந்ததுன்னு பேசலாம். உங்க ஊரில் எல்லை மாறின கதை, மொழி மாறின கதை இருந்தா, வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு எங்களுக்கு அனுப்புங்க. 1953-ஐயும் 1960-ஐயும் கண்ணால் பார்த்தவங்க இன்னும் நம்மோட இருக்காங்க.